இலை கொட்டும் மாதம்

மலேசியாவுக்குப் பருவம் கிடையாது என்பார்கள். வெயில், மழை, மறுபடியும் வெயில், அவ்வளவுதான் என்பார்கள். எண்களும் அதற்குத் துணை நிற்கின்றன. நெகிரி செம்பிலான் தலைநகர் சிரம்பானும் அதையடுத்த சுங்கை காடுட்டும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்குள் இருக்கின்றன. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 19 நிமிடம். தோக்கியோவில் அது ஐந்து மணி நேரத்தை நெருங்கும். மாதச் சராசரி வெப்பநிலையும் ஆண்டு முழுவதும் 2 பாகைக்குள்தான் ஏறி இறங்குகிறது. இவ்வளவு சமமான வானிலையில் இன்ன மாதம் வந்துவிட்டது என்று ஒரு செடிக்கு எப்படித் தெரியும்?

தெரிகிறது. தைப்பூசம் நெருங்கும்போது பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலையைக் கொட்டத் தொடங்கும். மாசியில் தோட்டம் மொட்டையாக நிற்கும். பங்குனியில் தாமிர நிறத்தில் தளிர் விட்டு, பூத்து, மறுபடி நிழல் கட்டும். ஆவணி, புரட்டாசியில் காய் வெடித்து விதை சிதறும். சுங்கை காடுட், ரந்தாவ், லாபு, ரெம்பாவ் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்கள் இந்தச் சுழற்சியைக் கண்ணால் பார்த்தார்கள், கூலியில் உணர்ந்தார்கள். பூவையும் இலையையும் இவ்வளவு நெருங்கி, இவ்வளவு காலம் பார்த்த இன்னொரு சமூகம் அந்த மாநிலத்தில் இருந்திருக்குமா என்பது ஐயமே. அவர்கள் பார்த்ததை எவரும் எழுதி வைக்கவில்லை. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

எழுதி வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கே பூ பார்ப்பது அரசுப் பணி. ஜப்பானிய வானிலை ஆய்வகம் 1953 முதல் நாடெங்கும் ஒரே முறையில் செடி, மரம், பறவை, பூச்சிகளின் பருவ வருகையைப் பதிந்து வந்தது. ஒவ்வொரு நகரத்திலும் குறித்து வைத்த ஒரு செர்ரி மரம் உண்டு. அதில் ஐந்தாறு பூ விரிந்ததும் அந்த நகரத்தில் செர்ரி பூத்துவிட்டதாக அறிவிப்பு வரும். தோட்டங்களிலும் தெருவோரங்களிலும் வளரும் ஹைட்ரேஞ்சியா புதருக்கும் இப்படியே நாள் குறித்தார்கள். கியோட்டோ நகரத்தின் கணக்கு இன்னும் பழையது. அரசவையினரும் துறவிகளும் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து பூ விழாக்களின் தேதிகளைத் தேடி எடுத்து, கி.பி. 812 முதல் அந்நகரில் செர்ரி முழுதாகப் பூத்த நாட்களின் வரிசையை அறிஞர் யசுயுக்கி ஆவோனோ கட்டினார். அந்த நாட்குறிப்புகளை எழுதியவர்கள் எவரும் வானிலை ஆய்வுக்காக எழுதவில்லை. விருந்தையும் வழிபாட்டையும் பற்றி எழுதினார்கள். ஆயினும் 2021 மார்ச் 26 அன்று கியோட்டோவில் செர்ரி முழுதாகப் பூத்தபோது, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் அதுவே மிக முந்திய பூப்பு என்று சொல்ல முடிந்தது அவர்களால்தான்.

அதே 2021இல் வானிலை ஆய்வகம் தன் பட்டியலை 57 இனங்களிலிருந்து 6 ஆகக் குறைத்தது. நகரம் வளர்ந்ததில் பார்ப்பதற்குப் பூச்சியும் பறவையும் கிடைக்கவில்லை. செர்ரி, பிளம், ஹைட்ரேஞ்சியா, மேப்பிள், கிங்கோ, ஒரு வகை நாணல் ஆகியவை மட்டும் மிஞ்சின. விட்டதைத் தொடர ஜப்பானின் தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு களத்தில் இறங்கியது. இந்த நிறுவனத்தின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நெகிரி செம்பிலானிலும் அதற்கு வேலை இருந்தது.

பால்மரத்துக்கு வருவோம். அது அமேசான் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்த ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்தவை சிலவே. அவற்றின் வழி வந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் மலாயாவின் மேற்குக் கரை நெடுக அதுவே காடாயிற்று. தாய்நாட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் ஆண்டுக்கொருமுறை இலையை முற்றிலும் உதிர்க்கும் பழக்கத்தை அந்த மரம் விடவில்லை. மூன்று நான்கு வயதுவரை கன்றுகள் உதிர்ப்பதில்லை. முதிர்ந்த மரம் உதிர்த்தே தீரும். எவ்வளவு முழுமையாக, எவ்வளவு சீராக என்பது ஒட்டு வகைக்கு வகை மாறும். ஒரு வகை சில நாட்களில் மொட்டையாகிவிடும். இன்னொரு வகை ஒரு கிளையில் பழுத்த இலையும் மறு கிளையில் தளிருமாக வாரக்கணக்கில் இழுக்கும். நிரை நிரையாக மரத்தை அறிந்தவருக்கு, ஒட்டு வகையின் எண் தெரியாவிட்டாலும் எந்தக் காட்டுமரம் எப்போது கொட்டும் என்று தெரியும்.

தெரிந்தாக வேண்டிய கட்டாயமும் இருந்தது. விடியுமுன் பெரட்டு என்ற காலை ஆளெடுப்பில் பெயர் கொடுத்துவிட்டு, உளியும் காண்டா வாளியுமாக மர நிரைக்குள் போகிறவரின் கூலி, மங்கு என்ற கிண்ணத்தில் வடியும் பாலைப் பொறுத்தது. புதிய இலைகளைக் கட்டுவதற்கு மரம் தன் சேமிப்பைச் செலவிடுகிறது. அந்த வாரங்களில் பால் குறைந்துபோகும். வடிகிற பாலிலும் ரப்பரின் அளவு குறையும். தளிர் விடும்போது மரத்தை வெட்டினால் மரம் தளரும் என்பதால் பல தோட்டங்களில் சில வாரம் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். அப்போது புல் வெட்டு, காண் (வடிகால்) வெட்டு என்று வேறு வேலைக்குப் போட்டால் உண்டு; போடாவிட்டால் மளிகைக்கடைக் கணக்கில் கடன் ஏறும். மழை நாளில் வேலை இல்லை, இலை கொட்டும் மாதத்தில் பால் இல்லை. ஆண்டின் இந்த இரண்டு பள்ளங்களையும் கணக்கில் வைத்துத்தான் ஒரு குடும்பம் சீட்டுப் போட்டது, கல்யாண நாள் குறித்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் உருவானபோது அதன் முன்னிருந்த பெரிய கேள்விகளில் ஒன்று வருமானத்தின் இந்த ஏற்ற இறக்கம். மாதச் சம்பளக் கோரிக்கை எவ்வளவு நீண்ட போராட்டம் என்பது மலேசியத் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கோரிக்கையின் அடியில் ஒரு மரத்தின் இலையுதிர்வும் இருந்தது என்பதை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

தளிர்க்கும் வாரங்களில் காட்டுக்குள் நடந்தவர்கள் இரண்டு வகை மணத்தைச் சொல்வார்கள். ஒன்று காய்ந்த சருகின் மணம். மற்றது பூவின் மணம். பால்மரத்தின் பூ சின்னஞ்சிறியது, வெளிர் மஞ்சள், இதழ் என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரே கொத்தில் ஆண்பூக்கள் ஏராளமாகவும், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் சற்றே பெரிய ஒரு பெண்பூவும் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் பூவென்றே தெரியாது. தரையில் மஞ்சள் தூவினாற்போல் கிடப்பதைப் பார்த்துத்தான் மரம் பூத்திருப்பதை அறிய வேண்டும். சிறு கொசு போன்ற பூச்சிகளும் இலைப்பேன்களும் மகரந்தத்தைச் சுமக்கின்றன. நூறு பெண்பூக்களில் ஐந்துகூடக் காயாகாது. 1925இல் தொடங்கிய ரப்பர் ஆய்வுக் கழகம் புதிய ஒட்டு வகைகளை உண்டாக்க ஆண்டுக்கு இந்தச் சில வாரங்களையே நம்பியிருந்தது. ஆட்கள் சாரம் ஏறி, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்தார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களுக்கு இதெல்லாம் பழகிய சங்கதி. அங்கே மரம் சற்று முன்னதாக, மார்கழி தொடங்கி இலை உதிர்க்கிறது. தளிர் விடும்போது மூவிலை சேரும் காம்பின் முனையிலுள்ள சுரப்பிகளிலிருந்து தேன் கசிகிறது. மார்த்தாண்டம் பகுதியின் புகழ்பெற்ற தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வந்ததன்று. இந்தத் தளிரிலிருந்து வந்தது. ஒரே மரம், இரண்டு தமிழ் நிலங்கள். ஒன்றில் அந்த வாரங்கள் தேன் அறுவடை, மற்றதில் வருமானப் பள்ளம்.

வறட்சிதான் இலையை உதிர்க்கிறது என்பது பழைய விளக்கம். சிரம்பான் வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை உச்சம். ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் குறைந்த மழை. முதல் வறட்சியும் இலையுதிர்வும் ஒத்துப்போகின்றன. பூப்பை மட்டும் அதைக் கொண்டு முழுதாக விளக்க முடியவில்லை. உலகில் ரப்பர் வளரும் பல நாடுகளில் மழைக்காலம் வேறு வேறு. பூக்கும் காலமோ ஏறத்தாழ ஒன்று. 2007இல் மலேசிய அறிவியலாளர் யியாங் ஹூங் யீட் இதற்கு ஒரு விடை தந்தார். நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூரியன் உச்சிக்கு மேல் வருவது ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், பகலும் இரவும் சமமாகும் நாட்களையொட்டி. அப்போது வெயிலின் உறைப்பு மிகுதி. பால்மரத்தின் பெரிய பூப்பு முதலாவதோடும், சிறிய இரண்டாம் பூப்பு மற்றதோடும் பொருந்துகின்றன. ஆகவே மரம் கணக்கிடுவது பகலின் நீளத்தை அன்று, ஒளியின் கடுமையை என்றார் அவர். பகல் நீளத்தில் 19 நிமிட வேறுபாடே உள்ள ஊரில் ஒரு மரம் எப்படி நாள் பார்க்கிறது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல விடை இதுவே. இலை உதிர்ந்த காட்டில் வெயில் நேரே தரையைச் சுடுவதை அறிந்த வெட்டுக்காரருக்கு இந்த விளக்கம் அந்நியமாக இருக்காது.

மரத்துக்குக் கீழே உள்ளவற்றைப் பற்றிக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஓடை ஓரத்திலும் காட்டு விளிம்பிலும் நிற்கும் சிம்போ ஆயர் என்ற புதருக்கு மஞ்சள் பூ. அது பூப்பதை நிறுத்துவதே இல்லை. நாளுக்கொன்றாகப் பூக்கும் இந்தப் பழக்கத்தை மலாயாவின் வழியோர மரங்களைப் பற்றி 1940இல் விரிவான நூல் எழுதிய ஈ. ஜே. எச். கார்னர் வியந்து குறித்திருக்கிறார். ஊதாப் பூ விடும் செண்டுடோக்கும் அப்படியே. அதன் பழம் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொள்ளாத தோட்டத்துப் பிள்ளை கிடையாது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் சாமிக்கென்று வளர்த்த செம்பருத்தியும் ஆண்டு முழுவதும் கை கொடுக்கும். மலேசியா அதைத் தேசிய மலராக 1960இல் அறிவித்தது. இவற்றுக்கு நேர்மாறானது, மலாய்க்காரர்கள் ஆகாயவிமானச் செடி என்று பொருள்படப் பெயரிட்ட களை. அமெரிக்காவிலிருந்து வந்து தோட்டங்களைப் பிடித்துக்கொண்ட அந்தப் புதர், பகல் குறுகும் மாதங்களில் மட்டும் வெளுத்த பூவால் மூடிக்கொள்ளும். லாலாங் புல்லோ வெட்டினாலோ எரித்தாலோ வறட்சி கண்டாலோதான் வெண்கதிர் விடும். ஒரே தோட்டத்துப் பாதையில் எப்போதும் பூப்பது, ஆண்டுக்கொருமுறை பூப்பது, துன்புறுத்தினால் பூப்பது என்று மூன்று விதமும் அருகருகே நிற்கின்றன.

இவை எல்லாவற்றிலும் துல்லியமான கடிகாரம் புறா ஆர்க்கிட். முதிய மரங்களின் கிளையில் ஒட்டி வளரும் சாதாரணச் செடி. ஒரு பிற்பகலில் பெருமழை கொட்டி வெப்பநிலை சட்டென்று ஏறத்தாழ 5 பாகை இறங்கினால், ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்தின் புறா ஆர்க்கிட்கள் அனைத்தும் ஒன்றாகப் பூக்கும். வெள்ளைப் பூ, நல்ல மணம், மாலைக்குள் வாடிவிடும். மொட்டுகள் முன்பே பாதி வளர்ந்து உறங்கிக் கிடக்கின்றன. குளிர் அவற்றை எழுப்புகிறது. ஆகவே அது பூத்த நாளிலிருந்து ஒன்பது நாள் பின்னால் எண்ணினால் மழையின் தேதி கிடைக்கும். மழைமானி இல்லாத இடத்திலும் இந்தச் செடி மழைக்குச் சாட்சி சொல்லும்.

தோட்டத்தை விட்டுக் காட்டுக்குப் போவோம். நெகிரி செம்பிலானின் ஜெலெபு மாவட்டத்தில், சிம்பாங் பெர்த்தாங் அருகே பாசோ காப்புக்காடு இருக்கிறது. மூன்று பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம் சூழ்ந்த பழங்காடு. அங்கே 1970களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ், ஜப்பானிய, மலேசிய அறிவியலாளர்கள் பன்னாட்டு உயிரியல் திட்டத்தின்கீழ் வேலை செய்தார்கள். 1980களில் மலேசிய வன ஆய்வுக் கழகம் 50 ஹெக்டேர் பரப்பைக் கயிறு போட்டு அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேலான மரங்கள் அனைத்தையும் எண்ணியது. 3,35,000க்கும் மேல், 814 இனங்கள். 1991 முதல் ஜப்பானின் தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமும் அங்கே நீண்டகால ஆய்வில் சேர்ந்தது.

பாசோவின் மெராந்தி வகை மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒழுங்கில்லாத இடைவெளியில், நூற்றுக்கணக்கான இனங்கள் சேர்ந்து பூக்கும். நீலகிரிக் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக் கணக்கைத் தவறாமல் காப்பதால் 2006, 2018 என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. 2030ஐயும் இப்போதே சொல்லலாம். மெராந்திக்கு அப்படி நாள் சொல்ல முடியாது. சில இரவுகள் வெப்பநிலை வழக்கத்தைவிட 2 பாகை அளவு இறங்குவதே தூண்டுதல் என்று 1988இல் ஆஷ்டன், கிவ்னிஷ், அப்பண்ணா மூவரும் முன்வைத்தார்கள். குளிரும் வறட்சியும் சேர்ந்து வர வேண்டும் என்பது பாசோவிலேயே நடந்து 2018இல் வெளியான ஆய்வின் முடிவு.

இங்கே சிம்மத்திரி அப்பண்ணாவை விட்டுவிட்டுப் போக முடியாது. அவரும் சான் ஹுங் டக்கும் 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், வானளாவிய மெராந்திகளுக்கு மகரந்தம் சேர்ப்பவை கண்ணுக்கு அரிதாகத் தெரியும் இலைப்பேன்கள் என்று காட்டின. மாலையில் பூ விரியும். விடிந்ததும் இதழ்வட்டம் உள்ளிருக்கும் இலைப்பேனோடு உதிர்ந்து தரைக்கு வரும். பொழுது சாய்ந்ததும் அவை மறுபடி பறந்து மேலே போகும். நெருங்கிய உறவுள்ள ஆறு மெராந்தி இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து, ஒரே பூச்சிக் கூட்டத்தை முறை வைத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. அந்த வரிசை பூப்புக்குப் பூப்பு மாறுவதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து இரவும் பகலும் பார்த்தவர்களால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். அரிய கருவி எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, பொறுமை தேவைப்பட்டது. தோட்டத்து மக்களிடம் அந்தப் பொறுமை இல்லாமலா போயிற்று?

அதற்கு வரலாறே பதில் சொல்கிறது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களில் முதலில் காய்ப்பு சரியாக இல்லை. ஆகவே தொழிலாளர்களை, பெரும்பாலும் பெண்களை, மகரந்தம் போட அனுப்பினார்கள். ஆண் பூங்குலையிலிருந்து மகரந்தத்தை உதறி எடுத்து, டால்கம் தூளோடு கலந்து, மலர்ந்த பெண் பூங்குலையைத் தேடித் தேடி ஊதினார்கள். பெண் பூங்குலை ஏற்கும் நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். நிறம் வெளிறியிருந்து சிவப்பு ஊதாவாக மாறிவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். மலரும்போது சோம்பு மணம் வரும். இந்த நிறத்தையும் மணத்தையும் வைத்து ஒவ்வொரு மரமாக முடிவெடுத்தவர்கள் செய்தது செம்மையான தாவரவியல் வேலை. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டதும் அந்த வேலை ஒரே ஆண்டில் தேவையற்றதாயிற்று. பெண்களின் அந்தத் திறமை எந்த நூலிலும் பெரிதாகப் பேசப்படாமல் மறைந்தது.

செம்பனை இலை கொட்டுவதில்லை. ஆண்டு முழுவதும் குலை வெட்டலாம். பருவம் அதற்குள்ளும் உண்டு என்றாலும் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கிறது. பூங்குலை ஆணா பெண்ணா என்பது மலர்வதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே முடிவாகிவிடும். அப்போது வறட்சி இருந்தால் ஆண் குலை பெருகும். இன்றைய வறட்சி மறு ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அறுவடையில் தெரியும். இதைத் தொழிலாளி கண்ணால் பின்தொடர முடியாது. இலை கொட்டும் மாதம் என்று சொல்லிக்கொள்ள ஒரு மாதமே இல்லாத தோட்டங்கள் வந்தன. அதன்பின் அவையும் சுருங்கின. சுங்கை காடுட்டில் இன்று துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டை இருக்கிறது, வீடமைப்புத் தாமான்கள் இருக்கின்றன, 2011 முதல் கொமுட்டர் ரயில் நிற்கிறது. சாலையோரம் நட்ட தெக்கோமா மரம் வறட்சிக்குப் பின் இளஞ்சிவப்பாகப் பூக்கும்போது இளைஞர்கள் ‘மலேசியச் சகுரா’ என்று படம் எடுக்கிறார்கள். அது மத்திய அமெரிக்க மரம். அதைப் பார்த்து மகிழ்வது நல்லதே. அந்தப் படங்களில் தேதியும் ஊரும் தாமாகவே பதிவாகின்றன என்பதால், பின்னாளில் அவையும் ஒரு பூப்புக் கணக்கு ஆகலாம்.

மிஞ்சிய ரப்பர் காடுகளிலோ பழைய கணக்கே குழம்புகிறது. 2017 வாக்கில் பரவத் தொடங்கிய பெஸ்டலோட்டியோப்சிஸ் என்ற பூஞ்சை நோய் பருவம் அல்லாத பருவத்தில் இலையைக் கொட்ட வைக்கிறது. தளிரைத் தாக்கும் சாம்பல் நோய் நெடுநாளாகவே இரண்டாம் உதிர்வை உண்டாக்கி வந்தது. அதற்காகத்தான் தோட்டங்களில் கந்தகத் தூள் தூவினார்கள். இப்போது ஆண்டில் பலமுறை மரம் மொட்டையாகும்போது எது பருவம், எது நோய் என்று பிரித்துச் சொல்ல, நோய் வருமுன் மரம் எந்த வாரத்தில் உதிர்த்தது என்ற பழைய கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு கிடைக்காமல் போகவில்லை என்றே நினைக்கிறேன். கியோட்டோவின் நாட்குறிப்புகளைப் போல வேறு நோக்கத்துக்காக எழுதிய ஏடுகள் தோட்டங்களுக்கும் இருந்தன. கிராணிமார் என்ற எழுத்தர்கள் எழுதிய அன்றாடப் பால் கணக்கு, பிரிவு வாரியான செக்ரோல் என்ற வருகைப் பதிவு, மழைமானிப் பதிவு. ஒரு தோட்டத்தின் பால் கணக்கில் ஆண்டுதோறும் எந்த வாரத்தில் வீழ்ச்சி தொடங்கி எந்த வாரத்தில் மீண்டது என்று பார்த்தால், அதுவே இலையுதிர்வின் தேதி. இருபது முப்பது ஆண்டுக் கணக்கு தொடர்ச்சியாகக் கிடைத்தாலும் போதும், வறட்சி ஆண்டுகளோடு ஒப்பிட முடியும். கம்பெனிகளின் பழைய அலமாரிகளிலும் ஆவணக் காப்பகங்களிலும் இதைத் தேடுவது பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு நல்ல ஆய்வுப் பொருள்.

ஏடு கிடைக்காத இடத்தில் ஆள் இருக்கிறார்கள். சுங்கை காடுட் பக்கத்துத் தாமான்களில் எழுபது வயதைக் கடந்த முன்னாள் வெட்டுக்காரப் பெண்கள் பலர் உண்டு. அவர்களிடம் ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று பொதுவாகக் கேட்டால் கஷ்டத்தைத்தான் சொல்வார்கள். மரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். மேட்டு நிரை முதலில் மொட்டையாகுமா, பள்ளத்து நிரையா? தைப்பூசத்துக்குப் போகும்போது காடு எப்படி இருந்தது, வந்தபின் எப்படி? எந்த ஆண்டு தீபாவளிக்குப் பிறகும் விதை வெடித்துக்கொண்டிருந்தது? பிள்ளைகள் விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சுடவைத்து ஒருவரையொருவர் தொட்டு விளையாடியது பள்ளி விடுமுறையிலா, பள்ளி நாளிலா? நாற்றங்காலுக்கு விதை பொறுக்கக் கூலி கொடுத்தது எந்த மாதம்? இப்படிக் கேட்டால் மாதமும் வாரமும் பதிலாக வரும். திருவிழாவோடும் பிள்ளைப்பேற்றோடும் சேர்த்துச் சொல்வார்கள். பஞ்சாங்கத்தை வைத்து ஆங்கிலத் தேதியாக மாற்றிக்கொள்ளலாம். கேட்கப் போகிறவர்கள் பிப்ரவரியில் போவது நல்லது. உதிர்ந்த மரத்தின் அடியிலேயே நிறுத்திக் கேட்கலாம்.